குடும்பப் போட்டோ கார்டுல அப்பா படம் வெட்டுப்படுது. துக்க வருஷத்துல அனுப்பலாமா? உதவி தேவை

சத்துவாச்சாரி மகள்:
வணக்கம். எங்க அக்கா ஒஹாயோவுல இருக்காங்க, மாமா அமெரிக்கர். டிசம்பர் வந்தா அங்க குடும்பமா போட்டோ எடுத்து, கார்டா அடிச்சு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் தபால்ல அனுப்புவாங்க. வர்ற கார்டை ஃபிரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு மாட்டி, ஜனவரி வரைக்கும் எடுக்க மாட்டாங்களாம். அக்காவோட மாமியார் வருஷா வருஷம் நமக்கும் ஒண்ணு அனுப்புவாங்க. இந்தத் தடவை அக்கா, "வேலூர் வீட்டுப் படமும் ஒரு பக்கம் வரட்டும்"னு கேட்டாங்க.

அப்பா ஆவணியில தவறிட்டாங்க. ஹால் சுவர்ல அவர் படத்துக்குக் கீழ எல்லாரும் நின்னு, செல்போனைப் படுக்கையா பிடிச்சு எடுத்து வாட்ஸாப்ல அனுப்பினோம். அக்கா நாலுக்கு ஆறு கார்டுல போட்டு மாதிரி காட்டினாங்க. அப்பா படம் நெத்தியோட வெட்டுப்பட்டிருக்கு. மிச்சமும் மங்கல், கண்ணாடியில டியூப்லைட் வெளிச்சம். அம்மா அதைப் பார்த்துட்டு அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

இதை எப்படிச் சரி பண்றது? இன்னொண்ணு, "வருஷம் திரும்பாம வாழ்த்துக் கார்டு அனுப்பலாமா? தீபாவளிக்கே எண்ணெய்ச் சட்டி வைக்கலியே"ன்னு அம்மா கேக்குறாங்க. அனுப்பாம விட்டா அக்காவோட மாமியார் வீட்ல தப்பா நினைப்பாங்களோன்னும் கவலை.

காட்பாடி ஸ்டுடியோ:
படம் கெட்டுப்போகல சகோதரி, அளவுதான் ஒத்துவரல. செல்போன் படம் பெரும்பாலும் நாலுக்கு மூணு கணக்குல விழும். அகலத்தை ஆறு அங்குலம் வச்சா உயரம் நாலரை வரும். கார்டோட உயரம் நாலுதான். மீதி அரை அங்குலத்தை மேலயும் கீழயும் வெட்டித்தான் ஆகணும். மேல இருந்தது அப்பா படம், அதான் போயிடுச்சு. அக்காகிட்ட அஞ்சுக்கு ஏழு கார்டு போடச் சொல்லுங்க, அதுல கால் அங்குலம்தான் போகும். நீங்களும் ரெண்டடி பின்னால போய், தலைக்கு மேல தாராளமா இடம் விட்டு எடுங்க.

மங்கலுக்குக் காரணம் வாட்ஸாப். சாதாரணமா அனுப்பினா படத்தைச் சுருக்கிடும். டாக்குமெண்டா அனுப்புங்க. அஞ்சுக்கு ஏழு கார்டு தெளிவா விழ 2100க்கு 1500 பிக்சல் வேணும்.

என்னைக் கேட்டா, சுவர்ல மாட்டினபடியே எடுக்க வேணாம். அம்மாவை நாற்காலியில உட்கார வச்சு, படத்தை மடியில பிடிக்கச் சொல்லுங்க. காலையில ஜன்னலோரம், ஃபிளாஷ் போடாம எடுங்க. முடிஞ்சா கண்ணாடியைக் கழட்டிடுங்க.

சத்துவாச்சாரி மகள்:
ரொம்ப நன்றிங்கண்ணா. சந்தன மாலை போட்டு, பொட்டு வச்சிருக்கு. கண்ணாடியைக் கழட்ட அம்மா சம்மதிக்க மாட்டாங்க.

காட்பாடி ஸ்டுடியோ:
அப்போ வேணாம். படத்தோட மேல்பக்கத்தை மட்டும் லேசா முன்னால சாய்ச்சுப் பிடிக்கச் சொல்லுங்க, வெளிச்சம் தரைப் பக்கம் திரும்பிடும். எதிர்ல இருக்குற டியூப்லைட்டை அணைச்சிடுங்க.

ராணிப்பேட்டை தம்பி, இப்போ நகோயா:
அக்கா, இங்க ஜப்பான்ல உங்க அம்மா சொல்றதையேதான் எல்லாரும் செய்றாங்க. புத்தாண்டு வாழ்த்து அட்டைக்கு நெங்காஜோன்னு பேரு, சரியா ஜனவரி 1 அன்னைக்கு வீட்டுக்கு வரும். ஆனா அந்த வருஷம் வீட்ல யாராச்சும் தவறியிருந்தா அனுப்ப மாட்டாங்க. அதுக்குப் பதிலா டிசம்பர் ஆரம்பத்துக்குள்ள மோச்சூ ஹகாக்கின்னு ஒரு அட்டை போடுவாங்க: நாங்க துக்கத்துல இருக்கோம், இந்தத் தடவை வாழ்த்து அனுப்ப இயலலன்னு. தெரியாம யாராவது வாழ்த்து அனுப்பிட்டா, ஜனவரி 7 தாண்டி, குளிர்காலத்துல நலமான்னு விசாரிச்சு வேற அட்டை போடுவாங்க. அதுல "வாழ்த்துகள்"ங்கிற சொல்லே வராது. எங்க பாட்டி தவறின வருஷம் நானும் அப்படித்தான் எழுதினேன், என் மேலதிகாரி கைப்பட பதில் போட்டார்.

நியூ ஜெர்சி அத்தை:
அக்கா மாமியார் தப்பா நினைப்பாங்கன்னு பயப்படாதேம்மா. இங்க துக்கம் நடந்த வீட்ல அந்த வருஷம் கார்டு அனுப்பாம விடுறவங்களும் உண்டு, இறந்தவரை நினைச்சு ஒரு வரி சேர்த்து அனுப்புறவங்களும் உண்டு. ரெண்டையும் மரியாதையாத்தான் பார்ப்பாங்க. ஆனா மாலை போட்ட படம்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாது. என் பக்கத்து வீட்டம்மா எங்க மாமனார் படத்தைப் பார்த்து, பரிசு வாங்கினவரான்னு கேட்டாங்க. பின்பக்கம் ரெண்டு வரி விளக்கம் கட்டாயம் போடுங்க.

பாகாயம் டீச்சர்:
எங்க வீட்டுக்காரர் இறந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார்கூட கட்டல. ஆனா கார்டு அனுப்பினேன், ஒரு வசனமும் அவர் பேரும் மட்டும். கொண்டாட்டம் வேற, நினைப்பு வேறம்மா. அம்மாகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க.

தபால்காரர், ஓய்வு:
உள்ளூர்ச் சொந்தக்காரங்களுக்கும் அனுப்புறதா இருந்தா, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள்ல அஞ்சுக்கு ஏழு ஒத்தைக் கார்டு ஏழு கிராம்தான் வரும். கவரோட சேர்த்தாலும் 20 கிராமுக்குள்ள அடங்கும், அஞ்சு ரூபாய் ஸ்டாம்ப் போதும். மடிக்கிற கார்டு வேணாம், எடை எல்லையைத் தொட்டுடும்.

சத்துவாச்சாரி மகள்:
எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா, நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "தம்பி சொன்னாப்ல வாழ்த்துன்னு போடாம அனுப்பலாம்"னாங்க. இன்னைக்குக் காலையில ஜன்னலோரம் எடுத்துட்டோம், புதுத்துணி இல்லாம. அப்பா முகம் முழுசாத் தெரியுது. கார்டைப் பொங்கல் கழிச்சு அனுப்பச் சொல்லியிருக்கோம். பின்பக்கத்து வரி அம்மா சொன்னதுதான்: "இவர் எங்கள் வீட்டுப் பெரியவர். ஆகஸ்டில் காலமானார். எங்கள் ஊரில் மறைந்தவர் படத்துக்கு மாலை போடுவோம்." அதை அக்கா இங்கிலீஷ்ல எழுதிக்குவாங்க.

ஃபிரிட்ஜ்ல மாட்டும்போது காந்தத்தை அப்பா முகத்து மேல வைக்க வேணாம்னு மட்டும் அம்மா கேட்டாங்க. அக்காகிட்ட சொல்லிட்டேன்.