மக்களவைத் தேர்தல் நேரத்தில் உள்ளூர்ச் செய்திப் பக்கம்: லைக்கை எண்ணலாமா, கருத்துக்கணிப்பு வைக்கலாமா?

பென்னாகரம் ரோடு:
அண்ணன்மாருக்கு வணக்கம். தருமபுரி தொகுதிச் செய்திக்கென்று ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் சேனலும் நடத்துகிறோம். அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு இப்போதே திட்டம் போட வேண்டும். லைக், ஷேர், கமெண்ட்டை வேட்பாளர் வாரியாக எண்ணி "யாருக்கு ஆதரவு" என்று வாரம் ஒரு கார்டு போடலாமா? கருத்துக்கணிப்பு எந்த நேரம் வரை வைக்கலாம்? வேட்பாளர் பேட்டியை பூஸ்ட் (காசு கட்டி நிறையப் பேருக்குக் காட்டுவது) பண்ணித் தரச் சொன்னால் செய்யலாமா?

அரூர் பஸ் ஸ்டாண்டு:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன் தம்பி, மாட்டிக்கொள்வது அதில்தான். பேட்டி எடுத்துச் சும்மா போட்டால் செய்தி. அதற்கே காசு கட்டி பூஸ்ட் கொடுத்த நிமிஷம் அது அரசியல் விளம்பரம்; எம்.சி.எம்.சி. என்கிற ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவிடம் முன்சான்று வாங்க வேண்டும். வேட்பாளரோ அங்கீகாரம் பெற்ற கட்சியோ விண்ணப்பித்தால் வெளியிட 3 நாள் முன்னாடி, மற்றவர்கள் 7 நாள் முன்னாடி. வீடியோவோடு அதில் பேசியதை அப்படியே எழுதி, சான்றொப்பம் வாங்கிக் கொடுக்கணும். செலவு வேட்பாளர் கணக்கில் ஏறும் (2024-ல் இங்கே உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய்). யார் காசு என்பது ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் 7 வருஷம் கிடக்கும். பூஸ்ட் வேண்டுமென்றால் வேட்பாளர் தன் பக்கத்திலேயே செய்துகொள்ளட்டும், உங்கள் பக்கத்தைக் கொடுக்காதீர்கள்.

கருத்துக்கணிப்புக்கு இரண்டு கெடு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126-வது பிரிவுப்படி வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் கூடாது. 2024-ல் இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அப்படியென்றால் 17-ம் தேதி மாலை 6 மணியோடு நிறுத்தம். பலருக்கும் தெரியாதது 126ஏ. நாம் முதல் கட்டத்திலேயே ஓட்டுப் போட்டு முடித்தாலும், கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை, அதாவது ஜூன் 1 மாலை 6.30 வரை, வாக்குக்கு அப்புறமான கணிப்புக்குத் தடை இருந்தது. "ஓட்டுப் போட்டாச்சா, யாருக்கு?" என்று ஏப்ரல் 20-ல் ஸ்டோரியில் வாக்கெடுப்பு வைத்திருந்தாலும் இதில் சிக்கும். 2 வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் மறதியில். ஷெட்யூல் பண்ணின பதிவு தானாக ஏறிவிடும். டெலிகிராமில் பின் பண்ணின வாக்கெடுப்பு திறந்தே கிடக்கும். கெடு நாள் மதியமே ஷெட்யூல் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள்.

தென்பெண்ணைக் கரை:
லைக்கை "ஆதரவு" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். கட்சி ஐடி விங் குரூப்பில் உங்கள் லிங்க் விழுந்தால் ஒரே ஆள் பத்து கமெண்ட் போடுவார். கமெண்ட்டை எண்ணாமல் ஆளை எண்ணுங்கள். சராசரியும் ஏமாற்றும்: ஒன்பது பதிவுக்கு 200 லைக், ஒன்று மட்டும் வைரலாகி 9,000 என்றால் சராசரி 1,080 காட்டும். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைப் பார்த்தால் 200தான், நிஜம் அதுதான்.

பார்வையாளர் ஊர்ப் பட்டியலில் பெங்களூரு மேலே வரும். இதில் நிதானம் வேண்டும். கட்டட வேலைக்கும் கம்பெனிக்கும் அங்கே போன நம் ஜனங்கள் ஓட்டுப் போட ஊருக்கு வருகிறவர்கள். வெளியூர் என்று கழித்துவிட முடியாது. அத்தனை பேரும் நம் தொகுதி என்றும் சேர்க்க முடியாது.

எண்ணத்தான் வேண்டுமென்றால் பிரச்சினையை எண்ணுங்கள். ஒகேனக்கல் குடிநீர் வராத ஊர், மொரப்பூர் – தருமபுரி ரயில் பாதை, மாம்பழ விலை என்று கமெண்ட்டைப் பிரித்து, அதிகம் வந்த மூன்றை எல்லா வேட்பாளரிடமும் வார்த்தை மாறாமல் ஒரே மாதிரி கேட்டு, பதிலை வெட்டாமல் போடுங்கள். ஜனங்கள் கேட்டதற்குப் பதில் வாங்கித் தரும் பக்கம் மாவட்டத்துக்கு அவசியம் தேவை.

பென்னாகரம் ரோடு:
ரொம்ப நன்றி அண்ணா. வாக்குப்பதிவு சதவீதம் போடும்போது?

மாங்கூழ்:
2024 ஏப்ரல் 19 இரவு 7 மணி நிலவரமாக மாநிலத்துக்கு 72.09 என்று வந்தது. மறுநாள் 69.46 ஆனது, கடைசியில் 69.72. முதல் எண் தோராயம், எல்லாச் சாவடிக் கணக்கும் அதில் வந்து சேர்ந்திருக்காது. ஆனால் முதல் கார்டு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருந்தால் "மூன்று சதவீதம் எங்கே போச்சு" என்று வதந்தி கிளம்பும். உங்கள் தலைப்பு வரி ஃபார்வர்டில் போகாது, படம் மட்டும்தான் போகும். அதனால் நேரத்தையும் "தோராயம்" என்ற சொல்லையும் படத்துக்குள்ளேயே, சதவீதத்துக்கு ஒட்டினாற்போல், அதே எழுத்தளவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் வெட்டிவிடுவார்கள்.

காலையில் "ஒரே ஆள் மாற்றி மாற்றிப் பொத்தான் அமுக்குகிறார்" என்று வீடியோ வந்தால் மாதிரி வாக்குப்பதிவா என்று முதலில் பாருங்கள். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்னால் வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் எதிரில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்த்து அழிப்பது வழக்கமான நடைமுறை. வரிசையே இல்லை, மேசையைச் சுற்றி ஏஜெண்டுகள் நிற்கிறார்கள் என்றால் அனேகமாக அதுதான். சுவரில் கன்னட எழுத்து தெரிகிறதா என்றும் பாருங்கள். ஓசூர் என்று வருவது எல்லைக்கு அந்தப் பக்கத்து வீடியோவாக இருக்கலாம்.

அரூர் பஸ் ஸ்டாண்டு:
ஒன்று விட்டுப்போச்சு. தருமபுரி மக்களவைத் தொகுதியில் மேட்டூரும் சேர்த்தி, அது சேலம் மாவட்டம். தருமபுரி மாவட்டச் செய்திக்குறிப்பை மட்டும் வைத்துக் கூட்டினால் ஆறில் ஒரு சட்டமன்றத் தொகுதி விடுபட்டுப்போகும். கிருஷ்ணகிரியில் இந்தத் தொந்தரவு இல்லை, ஆறும் ஒரே மாவட்டம்.