டெக்சஸ் சொத்து வரியா, கலிபோர்னியா வருமான வரியா?

ஆஸ்டின்வாசி:
கலிபோர்னியாவிலிருந்து டெக்சஸுக்கு மாறலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக வாருங்கள். இங்கே மாநில வருமான வரியே கிடையாது. சொத்து வரி சில ஊர்களில் வீட்டு மதிப்பில் 2 சதவீதத்தைத் தொடும்தான். நல்ல சம்பளக்காரர் கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபமே.

பே ஏரியாக்காரன்:
சம்பளம் வருகிறவரைதான் அந்தக் கணக்கு. வேலை போனால் வருமான வரி தானாகக் குறையும், சொத்து வரி குறையுமா? 6 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் மாதம் 1,000 டாலர். வீட்டுக் கடன் முடிந்தாலும் இது முடியாது. இங்கே கலிபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13-ஆம் முன்மொழிவு அடிப்படை வரியை 1 சதவீதத்தில் நிறுத்தியது. வரிக்கான மதிப்பும் வாங்கிய விலையிலிருந்து ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது.

ஆஸ்டின்வாசி:
அதனால்தான் ஒரே தெருவில், ஒரே மாதிரி வீட்டில், 1985-இல் வாங்கியவரைவிடப் போன வருடம் வாங்கிய இளம் தம்பதி பல மடங்கு கட்டுகிறார்கள். இது நியாயமா சொல்லுங்கள். இங்கேயும் பாதுகாப்பு உண்டு. 65 வயதானால், குடியிருக்கும் வீட்டின் சொத்து வரியில் பள்ளிக்கான பகுதிக்கு உச்சவரம்பு வந்துவிடும்.

எடிசன் அம்மா:
உங்கள் இருவருக்கும் ஒரு பக்கமாவது நிம்மதி. நியூ ஜெர்சியில் வருமான வரியும் கட்டுகிறோம், 2024-இல் சராசரி சொத்து வரி 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் ஏறக்குறைய பாதி, பள்ளிகளுக்குப் போகிறது. பள்ளிக்குக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. பள்ளியின் தரத்தை அந்த ஊர் வீட்டு விலையோடு கட்டிப்போட்டதுதான் அநியாயம். உங்கள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் ஏழைகளின் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம் பணக்கார அலமோ ஹைட்ஸைவிட அதிக விகிதத்தில் வரி போட்டும், உள்ளூர் வரியாக மாணவருக்கு 26 டாலர்தான் திரட்ட முடிந்தது. அலமோ ஹைட்ஸில் 333 டாலர். இதை எதிர்த்து வழக்குப் போட்ட எட்ஜ்வுட் பெற்றோர்களை 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று கைவிட்டது.

ஆஸ்டின்வாசி:
அது பழைய கதை அம்மா. 1993 முதல் வசதியான பள்ளி மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கை, மற்ற மாவட்டங்களுக்காக மாநிலம் எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஆஸ்டின் மாவட்டம் ஏராளமாகக் கொடுக்கிறது.

பே ஏரியாக்காரன்:
சரி, அப்படியென்றால் பள்ளிக்கு மாநிலம் நேரடியாக வருமான வரியிலிருந்தே கொடுக்கலாமே? சம்பாதிப்பவரிடம் வாங்குவதுதான் முறை. அப்புறம், கேள்வி கேட்ட நண்பருக்கு: டெக்சஸில் வீடு பார்க்கும்போது, விற்பவர் கட்டிய வரியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அவருடைய வயதுச் சலுகையும், வரிக்கான மதிப்பு ஏறுவதற்கு அவருக்கு இருந்த வரம்பும் உங்களுக்கு வராது. அடுத்த ஜனவரியில் புது மதிப்பு வைத்துத்தான் வரி வரும்.