பவல் பிரெப்: குடல் கழுவலா, பேதியா?

சொல்லாக்கக் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய கையேடு ஒன்று கையில் இருக்கிறது. கொலோனாஸ்கோபிக்கு, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைக்கு, முன்பு குடிக்கும் மருந்துகளை ஒப்பிட்டு நோயாளிக்கு விளக்கும் எட்டுப் பக்கம். பழைய தமிழாக்கத்தில், மருந்து குடித்துக் குடலைக் காலி செய்யும் 'பவல் பிரெப்பரேஷன்' (சுருக்கமாகப் பவல் பிரெப்) என்பதைக் 'குடல் தயாரிப்பு' என்று போட்டிருக்கிறார்கள். படிப்பவருக்கு என்ன செய்யச் சொல்கிறார்கள் என்றே விளங்காது.

போன வருடம் என் பெரியம்மாவுக்கு இப்படி ஒரு தாளைத்தான் கொடுத்தார்கள். நாலு தடவை போனதும் வயிறு காலியாகிவிட்டது என்று நினைத்து மீதியைக் கீழே ஊற்றிவிட்டார். மறுநாள் குழாயை விட்டுப் பார்த்தவர்கள் பாதியிலேயே நிறுத்தி, இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். 68 வயதில் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

செயலுக்கு ஒரு சொல், குடிக்கும் கரைசலுக்கு ஒரு சொல், இரண்டும் வேண்டும். 'பேதி', 'பேதி மருந்து' போதும் என்பது என் எண்ணம். எல்லோருக்கும் புரியும்.

— மதுரையிலிருந்து

*

தம்பி,

பேதி வடசொல். பிளத்தல், பிரித்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. நம்மிடம் 'கழி' இருக்கிறது: கழிதல், கழிச்சல், கழிவு. அதன் பக்கத்திலேயே 'கழுவு' நிற்கிறது. இரண்டும் ஒரே அடியில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். அழுக்கு கழியச் செய்வதுதானே கழுவுதல்? புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் 'வழுவாய் மருங்கிற் கழுவாயும் உள' என்கிறார். பாவத்தைப் போக்கும் வழிக்கே கழுவாய் என்று பெயர் வைத்த மொழி இது. உடலின் கசட்டைப் போக்குவதற்குச் சொல்லா இல்லை?

செயலுக்குக் 'குடற்கழுவல்', மருந்துக்குக் 'குடற்கழுவி'. லகர ஈற்றின் முன் வல்லினம் வந்தால் வேற்றுமையில் றகரமாகத் திரியும். 'குடல் கழுவல்' என்று உடைத்து எழுதிவிடாதீர்கள்.

— தஞ்சை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

*

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

நான் இந்தச் சோதனையைத் தினமும் செய்கிறவள். 'பேதி' வேண்டாம் என்பதற்கு என் காரணம் வேறு. அப்படி எழுதினால் எல்லா மருந்தும் ஒன்றாகிவிடும். ஒப்பிடுவதற்கென்றே எழுதும் கையேட்டில் அது ஆபத்து.

பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசல் 1980ல் வந்தது. உப்புகளை அளவாகச் சேர்த்திருப்பதால் அது உடம்பின் நீரை இழுக்காது, உடம்பிலும் பெரிதாகச் சேராது. குடித்தது குடித்தபடி குடலை அலசிக்கொண்டு வெளியேறும். ஆகவேதான் 4 லிட்டர் குடிக்க வேண்டியிருந்தது. பிறகு வைட்டமின் சி சேர்த்து 2 லிட்டராக்கினார்கள். இப்போது 1 லிட்டர் வகையும் உண்டு. இதுதான் உண்மையில் கழுவல்.

சோடியம் பாஸ்பேட் அப்படியல்ல. சின்னப் புட்டி, அடர்ந்த உப்பு, உடம்பின் நீரையே குடலுக்குள் இழுத்துப் போடும். குடிப்பது எளிது என்பதால் நோயாளிகளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் சிலருக்குச் சிறுநீரகத்தில் பாஸ்பேட் படிந்து நிரந்தரமாகக் கெட்டதால், 2008ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடும் எச்சரிக்கை விடுத்தது. பிகோசல்பேட், மெக்னீசியம் சிட்ரேட் கலந்த பொடியில் முன்னது பெருங்குடலைத் தூண்டும், பின்னது நீரை இழுக்கும். சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு மெக்னீசியமும் ஆகாது. மானிட்டால் என்ற சர்க்கரை வகை மருந்தைக் குடலின் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்தால் ஹைட்ரஜன் வாயு உண்டாகும். சூட்டுக் கருவியால் கட்டியை அறுக்கும்போது வெடித்த நிகழ்வுகளும் உண்டு.

ஆகவே கழுவுவது, இழுப்பது, தூண்டுவது என்ற மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். பெயர் தூய தமிழா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

— கோவை, குடல்நோய் மருத்துவர்

*

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் பக்கம் பேதி என்றால் விளங்கும். ஆனால் ஆட்கள் சொல்வது வயிற்றோட்டம். அது நோயின் பெயர். வயிற்றோட்டம் கண்டால் ஆட்கள் பயந்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். தம்பியின் பெரியம்மாவும் 'போனது போதும்' என்றுதானே நிறுத்தினார்? போவது முக்கியமில்லை, கடைசியில் என்ன நிறத்தில் போகிறது என்பதுதான் முக்கியம் என்று சொல்லே உணர்த்த வேண்டும்.

'குடல் அலம்பல்' எப்படி? அலம்புவது என்றால் தண்ணீர் தெளியும் வரைக்கும் செய்வது. அரிசியைக் களையும்போது ஒரு தண்ணீரோடு விடுவதில்லை.

— யாழ்ப்பாணம்

*

அக்கா, அரிசி உவமை அருமை. கையேட்டில் அப்படியே போட்டுக்கொள்ளட்டுமா? ஆனால் அலம்பல் என்றால் சென்னையில் ஆர்ப்பாட்டம் செய்வது. அலசலும் சரிப்படாது, பத்திரிகைகள் அதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டுவிட்டன.

— மதுரை

*

நான் சித்த மருத்துவ மாணவன். நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடச் சொன்னவர் சித்தர் தேரையர். நம் மருத்துவத்தில் இத்தனை காலம் புழங்கிய சொல்லை வேர் பார்த்து விலக்குவது எனக்கு ஒப்பவில்லை. பேதி வேண்டாம் என்றால் 'குடல் சுத்தி' என்று வையுங்கள். எந்தக் கிராமத்திலும் புரியும்.

*

மாணவத் தம்பி, உங்கள் துறையில் சுத்தி என்றால் மருந்துச் சரக்கின் நச்சை நீக்குவது. ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை கொடுக்கலாமா? 'புறந்தூய்மை நீரான் அமையும்' என்ற குறளைப் பாருங்கள். தூய்மை இருக்கச் சுத்தி எதற்கு? குறளின் 'அகந்தூய்மை'யையே எடுத்துக்கொள்ளலாமா என்றுகூட ஓர் இரவு யோசித்தேன். அது மனத்துக்குரியது, வயிற்றுக்கு இறக்குவது தவறு என்று விட்டுவிட்டேன்.

— தஞ்சை

*

ஐயா, 'குடற்கழுவி'யில் எனக்கு ஒரு தயக்கம். கழிப்பறைக் கழுவி, தரைக் கழுவி எல்லாம் புட்டியில் விற்கிறது. நச்சுப் பொருளின் பெயரைப் போல ஒலிப்பதைக் குடிக்கச் சொல்ல மனம் வரவில்லை. 'கழுவு கரைசல்' போதும். அப்புறம், எந்தச் சொல்லை வைத்தாலும் பக்கத்தில் இதைச் சேருங்கள்: முதல் பாதி முந்தின நாள் மாலை, மறுபாதி சோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பு தொடங்கி, இரண்டு மணி நேரம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இரவில் சிறுகுடலிலிருந்து வடிவது பெருங்குடலின் வலப்பக்கத்தில் பூசிக்கொள்ளும். அதைக் கழுவத்தான் அந்த மறுபாதி. பெரியம்மா ஊற்றியது அதைத்தான்.

— கோவை

*

எல்லோருக்கும் நன்றி. நேரமாகிவிட்டதால் பெரும்பான்மைப்படி அனுப்புகிறேன். செயல்: குடல் கழுவல். பொதுப்பெயர்: குடல் கழுவு மருந்து. வகைகள்: கழுவு கரைசல், நீரிழுக்கும் உப்பு, குடல்தூண்டி. முதல் பக்கத்தில் மட்டும் 'பேதி மருந்து என்று பலரும் சொல்வது' என ஒரு வரி வரும். எங்கே நிறுத்துவது என்பதற்கு, 'அரிசி களைந்த கடைசித் தண்ணீர் போலக் கசடில்லாமல் போகும் வரை. இளமஞ்சளாக இருந்தால் பரவாயில்லை. முதல் பாதியிலேயே தெளிந்தாலும் மறுபாதியை விடக் கூடாது' என்று எழுதியிருக்கிறேன்.

— மதுரை

*

தம்பி, 'குடல் கழுவல்' என்று இடைவெளி விட்டது கண்ணை உறுத்துகிறது. நான் என் அகராதிக் குறிப்பில் குடற்கழுவல் என்றே பதிகிறேன். இன்னொன்று: மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடிக்கும் அந்த முறைக்கு நீங்கள் பெயரே வைக்கவில்லையே. 'இருபகுப்பு' சரியா?

— தஞ்சை