வெடைக்கோழிங்க முட்டைப் பெட்டிக்குள்ளேயே அடையுது, எப்படித் தடுக்கறது?

பல்லடம் சிறுவிடை:
சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) மொத்தம் 22. பெரிய கோழி 8, நாலரை மாச வெடை (இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத இளங்கோழி) 14. ராத்திரி கோழி உக்கார கொட்டகைக்குள்ள ஒன்றரை அடி உயரத்துல ஆறடி மூங்கில் ரெண்டு கட்டியிருக்கு. முட்டைப் பெட்டி நாலு, சுவத்துல 2 அடி உயரத்துல. பொழுது சாஞ்சா வெடைங்க ஒரே பெட்டியில மூணு நாலுன்னு திணிச்சுக்கிட்டு அடையுது. காலையில பெட்டி பூரா எச்சம். பெரிய கோழி முட்டையெல்லாம் அழுக்காயி அடைக்கு வைக்க முடியல. பெட்டியைக் கழட்டிடலாமா?

மேட்டுக்காடு:
கழட்ட வேண்டாம், இறக்குங்க. கோழி எப்பவும் இருக்கறதுலயே உயரமான இடத்துலதான் அடையும். உங்க கொட்டகையில அது பெட்டிதான். பெட்டியைத் தரையிலிருந்து ஓரடிக்குக் கொண்டு வாங்க, புது மூங்கில் ஒண்ணை 3 அடியில கட்டுங்க. சிறுவிடைக்கு இந்த உயரம் சுலபம். (பெருவிடைன்னா ரெண்டடிக்கு மேல போகாதீங்க. கனத்த உடம்பு, குதிச்சுக் குதிச்சு பாதம் வீங்கிடும்.) பழைய மூங்கில் படி மாதிரி இருக்கட்டும், ஆனா மேல் மூங்கிலுக்கு நேர் கீழே வேண்டாம். ஓரடி முன்னால தள்ளிக் கட்டினாத்தான் மேல இருக்கறதோட எச்சம் கீழ இருக்கறது மேல விழாது. சுவத்துல இருந்தும் ஓரடி இடைவெளி.

பெட்டி மேல தட்டையா இருந்தா அங்கயும் ஏறி உக்காரும். தகரத்தை நல்லா சரிவா சாய்ச்சு அடிங்க.

கோழிக்காரன்:
உயரம் பாதிக் காரணம்தான். கணக்குப் பாருங்க: ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் 22-க்கு ஏறக்குறைய 15 அடி வேணும், உங்களுக்கு இருக்கறது 12. பெரிய கோழிங்க இடத்தைப் பிடிச்சுக்கிட்டு வெடைங்களைக் கொத்தி விரட்டும். மூணாவது மூங்கில் வந்தா இது தீரும். மூணையும் ஒரே மூலையில கட்டாம ஒண்ணை எதிர்ப்பக்கம் கட்டுங்க, அடி வாங்கற வெடைங்க ஒதுங்க இடம் கிடைக்கும்.

பழக்கம் உடையணும்னா சாயங்காலம் பெட்டி வாயை அடைக்கணும். மதியம் மூணுக்குள்ள பெரும்பாலான முட்டை விழுந்திடும். நாலு மணிக்கு உள்ளே கோழி இல்லைன்னு பார்த்துட்டு சாக்கோ பலகையோ வெச்சு மூடுங்க. இருட்டினப்புறம் தரையில குவிஞ்சு கிடக்கற வெடைங்களை ஒவ்வொண்ணாத் தூக்கி மூங்கில்ல விடுங்க. இருட்டுல அதுக்குக் கண் தெரியாது, விட்ட இடத்துலயே இருக்கும். பத்து நாள் விடாம செஞ்சா பெரும்பாலும் தானா ஏறும். ராத்திரி கொட்டகையில பல்பு எரிஞ்சா அணைச்சிடுங்க. வெளிச்சம் இருந்தா இருட்டான பொந்தைத்தான் தேடும்.

பல்லடம் சிறுவிடை:
நன்றிங்ணா. மூடினதை எப்பத் திறக்கறது? விடியற்காலையில முட்டையிடற கோழி ஒண்ணு இருக்கு.

கோழிக்காரன்:
அன்னிக்கு ராத்திரியே, எல்லாம் மூங்கில்ல உக்காந்ததும் திறந்து விட்டுடுங்க. காலையில மூடியே இருந்தா முட்டை தரையில விழும். தரை முட்டையைக் கொத்திப் பழகின கோழியைத் திருத்தறது இதைவிடப் பெரிய வேலை.

வேப்பெண்ணெய்:
இதையெல்லாம் செய்யறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் வெள்ளைத் துணியால மூங்கிலோட அடிப்பக்கத்தைத் துடைங்க. ரத்தக் கறை பட்டா செவப்புப் பேன் இருக்கு. பகல்ல மூங்கில் ஓட்டை, வெடிப்பு, கட்டுக் கயிறுன்னு ஒளிஞ்சிருந்து ராத்திரி கடிக்கும். அப்ப எவ்வளவு உயரத்துல கட்டினாலும் கோழி அங்க உக்காராது. மூங்கிலைக் கழட்டிக் கொதிநீர் ஊத்திக் காயவெச்சு, ரெண்டு முனையையும் சிமெண்டால அடைச்சு, மேல சுண்ணாம்பு அடிங்க. பழைய கயிறை எரிச்சிடுங்க. ஒரு வாரத்துல பேனோட முட்டை பொரிச்சுப் புதுசு வரும், அதனால ஏழாம் நாள் கொதிநீர் மறுபடியும். பெட்டி வைக்கோலையும் மாத்திடுங்க.

சவுக்குக் கம்பு போடறதா இருந்தா பட்டையை உரிச்சிட்டுப் போடுங்க, பட்டைக்கடியிலதான் அதுங்க குடியிருக்கும். பி.வி.சி. பைப் வழுக்கும், வேண்டாம்.

அழுக்கு முட்டையை அடைக்கு வைக்கணும்னு கழுவிடாதீங்க. ஓட்டு மேல இருக்கற மெல்லிய பூச்சு போயிட்டா கிருமி உள்ளே இறங்கும், கூமுட்டையாகும். லேசான அழுக்குன்னா காஞ்ச துணியால தேய்ச்சா போதும், எச்சம் அப்பினதைச் சமையலுக்கு எடுத்துக்குங்க.

மேட்டுக்காடு:
பகல்லயும் பெட்டியை விட்டு நகராம, கையை நீட்டினா சிலிர்த்துக் கொத்தற பெரிய கோழி இருந்தா அது அவயத்துல (அடைகாக்கற நிலையில) இருக்கு. அதைத் தனியா மாத்திட்டு மூடுங்க.