எங்கட ஆக்கள் (வெள்ளவத்தை – வத்தளை)

வியாழன்

சுமதி, காலை 6:48
குகன் அத்தான், அப்பான்ர கொறோலாவில எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைற் நேற்றுப் பின்னேரம் பத்தினது. இண்டைக்கும் நிக்குது. வரிப்பத்திரம் 24ஆம் திகதி முடியுது, அதுக்கு எமிஷன் (புகைச் சோதனை) எடுக்கோணும். ஞாயிறு ரம்யான்ர பிள்ளையின்ர 31ஆம் நாள் கொண்டாட்டத்துக்கும் வரோணும். கையில 15,000க்கு மேல இல்லை, முதலே சொல்லிப்போட்டன்

பாமா மாமி, காலை 6:50
(படம்: தாமரைப்பூ, இனிய வியாழன்)

பிரதீப் லண்டன், காலை 6:55
அப்பவே வித்திருக்கலாம்

சுமதி, காலை 6:55
தொடங்கீட்டான்

குகன், காலை 7:10
மச்சாள் லைற் விட்டு விட்டு மின்னுதா, ஒரேயடியா எரியுதா?

சுமதி, காலை 7:11
ஒரேயடியா

குகன், காலை 7:19
அப்ப பயமில்லை, ஓடலாம். மின்னினா மட்டும் உடனே ஓரங்கட்டும். மின்னுறதெண்டா ஒரு சிலிண்டர் ஒழுங்காப் பத்தேல்ல. எரியாத பெற்றோல் நேர கட்டலிஸ்டுக்குள்ள (புகைக்குழாயில புகையைச் சுத்தமாக்கிற பெட்டி) போய் அங்க எரியும். உள்ளுக்க தேன்கூடு மாதிரி இருக்கிறது சூட்டில உருகினா உம்மட 15,000ல அதைத் தொடவும் ஏலாது. ஒரேயடியா எரியிறது, எஞ்சின் கொம்பியூட்டர் ஒரு பிழைக் கோட் எழுதி வைச்சிருக்கு எண்ட அர்த்தம். அந்தக் கோட் என்ன எண்டு தெரியாமல் ஒரு சாமானும் வாங்காதையும்

சுமதி, காலை 7:21
நேற்றே ஒரு கராஜ்ல காட்டினன். ஒக்சிசன் சென்சர் மாத்தோணுமாம். 38,000

குகன், காலை 7:21
கோட் வாசிச்சவையே?

சுமதி, காலை 7:22
இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே சொன்னவர்

துஷி, காலை 7:22
சங்கீத பூஷணம்

ரகு சித்தப்பா, காலை 7:30
ஒரு போத்தல் தின்னர் ராங்கில ஊத்தினா எமிஷன் பாஸ். எல்லாரும் செய்யிறது

குகன், காலை 7:34
மாமா வேணாம். தின்னர் பெற்றோல் லைன் ரப்பரையும் பம்பையும் தின்னும். உள்ள பிழை அப்பிடியே இருக்கும்

ரகு சித்தப்பா, காலை 7:35
அப்ப ஒக்டேன் 95 அடிக்கட்டும்

குகன், காலை 7:36
95 எண்டது எஞ்சின் தட்டாமல் இருக்கிறதுக்கு. இந்த லைற்றுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. 92 காணும்

பாமா மாமி, காலை 7:40
ஞாயிறு வடை ஆர் கொண்டு வாறது? சுமதி 100 எண்டு சொன்னவள்

சுமதி, காலை 7:41
மாமி கார் வந்தால் வடையும் வரும்

துஷி, மாலை 5:15
அக்கா வீட்ட வந்து என்ர புளூடூத் ரீடரைச் செருகினன். கனெக்ற் ஆகுதில்லை அத்தான்

குகன், மாலை 5:31
எதிர்பார்த்தனான். 2003 ஜப்பான் உள்ளூர் மொடல், அந்தச் சின்ன ரீடரோட சில வேளை கதைக்காது. காசு குடுத்து ஸ்கான் பண்ணவும் தேவையில்லை. ஸ்ரியரிங்குக்குக் கீழ நீர் செருகின அதே 16 ஓட்டைச் சொக்கற்றைப் பாரும். அகலமான பக்கம் மேல வரோணும். மேல் வரிசை இடப்பக்கத்தில இருந்து 1 தொடக்கம் 8, கீழ் வரிசை 9 தொடக்கம் 16. மேல் வரிசையில நாலாவது, கீழ் வரிசையில அஞ்சாவது (அதுதான் 13). சாவியை எடுத்துப்போட்டு இந்த ரண்டையும் ஒரு துண்டு வயராலயோ நிமித்தின பேப்பர் கிளிப்பாலயோ தொடுக்கவும். பிறகு சாவியை ஓன் மட்டும், ஸ்டார்ட் பண்ணப்படாது. மஞ்சள் லைற் கண் சிமிட்டும், எண்ணும்.
கவனம்: கீழ் வரிசைக் கடைசி, 16, நேர பற்றரிக் கரண்ட். அதில கிளிப் பட்டால் ஃபியூஸ் போகும்

துஷி, மாலை 5:32
பயமா இருக்கு

குகன், மாலை 5:32
எண்ணிப் பாத்துச் செருகினா ஒண்டும் நடவாது. போன் லைற்றை அடிச்சுக்கொண்டு செய்யும்

துஷி, மாலை 5:49
ரண்டு சிமிட்டல், கொஞ்சம் பொறுத்து அஞ்சு. திரும்பத் திரும்ப அதே. 25?

குகன், மாலை 5:50
25தான். வேற நம்பர் இல்லையே? கனக்க இருந்தால் சின்னதில இருந்து பெரிசுக்கு வரிசையா வரும்

துஷி, மாலை 5:51
இல்லை

கமலா பெரியம்மா, மாலை 5:55
(குரல் செய்தி, 1:47)

சுமதி, மாலை 5:58
அம்மா சொல்லுறா, அப்பா இருந்த காலத்தில இந்தக் கார் ஒரு நாளும் லைற் காட்டினதில்லையாம்

பிரதீப் லண்டன், மாலை 6:01
அப்பா அந்த பல்பைக் கழட்டி வைச்சிருந்தவரோ தெரியாது

கமலா பெரியம்மா, மாலை 6:01
பிரதீப்

பிரதீப் லண்டன், மாலை 6:02
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

குகன், மாலை 6:24
சரி, 25 எண்டால் கலவை மெலிவு. பெற்றோல் குறைய, காத்துக் கூட. பெரிய ரீடர்ல பாத்தால் பீ 0171 எண்டு வரும். ஒக்சிசன் சென்சர் செத்திருந்தால் பெரும்பாலும் 21 வந்திருக்கோணும். 25ஐ எழுதினதே அந்தச் சென்சர் சொன்ன தகவலை வைச்சுத்தான். அது உயிரோட இருந்து வேலை செய்யுது. தூதனைக் கொல்லப்படாது எண்டு விபீஷணன் சொன்னதே இலங்கையிலதானே

துஷி, மாலை 6:25
கொல்லாமல் வாலில நெருப்பு வைச்சவங்கள். 38,000க்கு

குகன், மாலை 6:41
காத்து எப்பிடிக் கூடும்? எயர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்தாப்போல ஒரு எயர் ஃப்ளோ சென்சர் இருக்கு. அதைத் தாண்டிப் போற காத்தை அளந்துதான் கொம்பியூட்டர் பெற்றோல் அடிக்குது. அந்தச் சென்சருக்குப் பிறகு எங்கயாவது ஓட்டை இருந்தால் அளக்காத காத்து உள்ள போகும். அல்லது அந்தச் சென்சரே ஊத்தையாகிக் குறைச்சு அளக்கும். ரண்டுக்கும் 25 வரும்.
பெற்றோல் பம்ப் களைச்சாலும் வரும், ஆனா அப்ப ஏத்தத்தில இழுவை இராது. இழுவை எப்பிடி?

சுமதி, மாலை 6:43
இழுவை நல்லம். சிக்னல்ல நிக்கேக்கதான் ஒரு நடுக்கம், மீற்றர் முள்ளு ஏறி இறங்குது

குகன், மாலை 6:44
அப்ப ஓட்டைதான் எண்டு என்ர மனசு சொல்லுது. நிக்கேக்க எஞ்சின் இழுக்கிற மொத்தக் காத்தே கொஞ்சம், அதில ஓட்டைக் காத்துப் பெரிய பங்கு. ஓடேக்க அதே ஓட்டை தெரியாது. சென்சர் ஊத்தையோ பம்ப் பிழையோ எண்டா மறுவளமா, வேகம் கூடக் கூடத்தான் தெரியும்

ரகு சித்தப்பா, மாலை 6:50
(பலமுறை அனுப்பப்பட்டது) பெற்றோல் மூடியை மூன்று கிளிக் வரும்வரை இறுக்கினால் லைற் தானாக அணையும்! அனைவருக்கும் பகிரவும்!

குகன், மாலை 6:52
மாமா அது பெற்றோல் ஆவி கசியிற கோட்டுக்கு. எங்களுக்கு வந்தது 25

ரகு சித்தப்பா, மாலை 6:53
பற்றரி வயரைக் கழட்டிப் பூட்டினாலும் அணையும்

குகன், மாலை 6:58
அணையும், பிறகு வரும். கொம்பியூட்டர் பழகி வைச்ச பெற்றோல் அளவு முழுக்க அழிஞ்சு போறதால கொஞ்ச நேரம் எஞ்சின் தள்ளாடும். அந்த நேரம் பாத்து எமிஷனுக்குப் போனா நிச்சயம் பெயில்

வெள்ளி

சுமதி, காலை 8:05
அத்தான் லைற்றோட போனா எமிஷன்காரர் திருப்பி அனுப்புவினமே?

குகன், காலை 8:20
2008ல வந்த நாளில இருந்து எங்கட ரெஸ்ற் புகைக்குழாயிலதான். குழாய்க்குள்ள கம்பியை விட்டு, சும்மா ஓடவிட்டு ஒருக்கா, நிமிசத்துக்கு 2,500 சுத்தில ஒருக்கா அளப்பினம். பெற்றோல் காருக்குப் பாக்கிறது காபன்மொனொக்சைட், ஐதரோகாபன். கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற கோட்டை வாசிக்கிறேல்ல. அதுக்காக லைற்றை விடலாம் எண்டு நினையாதையும். கலவை மெலிஞ்சால் இடைக்கிடை பத்தாமல் தப்பும், எரியாத பெற்றோல் வெளியில வரும், ஐதரோகாபன் ஏறும். காபன்மொனொக்சைட் நல்லா இருந்து ஐதரோகாபன் மட்டும் கூட எண்டு கடதாசி வந்தால் அது பத்தாத கேஸ். ரண்டும் கூட எண்டா பெற்றோல் கூட

துஷி, காலை 8:21
அத்தான் இதைப் பிடிஎஃப் ஆக்கித் தாங்கோ

குகன், காலை 8:34
நாளைக்குச் செய்யிறது இதுதான். எஞ்சின் ஆறின நேரம், காலமை. ஃபில்டர் பெட்டியில இருந்து துரொட்டிலுக்கு (எஞ்சினுக்குக் காத்து விடுற வாய்) போற மடிப்பு மடிப்பான கறுப்பு ஹோஸ் இருக்கு. மேலால பாத்தால் புதுசு மாதிரித் தெரியும். வெடிப்பு எப்பவும் அடிப்பக்கம், மடிப்புக்குள்ள. ரண்டு கையாலயும் வளைச்சு விரிச்சுப் பாக்கோணும். பிறகு எஞ்சின் மூடியில இருந்து வாற விரல் மொத்தமான பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள்ள வாற ஆவியைத் திருப்பி இழுக்கிறது), இத்தனை வருசத்தில கல்லா இறுகியிருக்கும். கண்ணுக்கு ஒண்டும் தெரியாட்டில் எஞ்சினை ஓடவிட்டு மூட்டுக்கு மூட்டு ஸ்பிறே போத்தல்ல தண்ணி அடிக்கவும். எங்க அடிக்கேக்க எஞ்சின் சத்தம் மாறுதோ அங்கதான் ஓட்டை. கராஜ்ல இதுக்குக் கார்ப் கிளீனர் அடிப்பினம், சூடான இடத்தில பட்டால் தீப்பிடிக்கும், வீட்டில வேணாம்.
ஓட்டை இல்லாட்டில்தான் எயர் ஃப்ளோ சென்சர். ரண்டு ஸ்க்ரூ. அதுக்கெண்டே விக்கிற ஸ்பிறேயை 10–12 தரம் தூரத்தில பிடிச்சு அடிச்சு, கால் மணித்தியாலம் காய விடோணும். பட்ஸ் விட்டுத் துடைக்கப்படாது, உள்ள இருக்கிற கம்பி மயிர் மாதிரி

சுமதி, காலை 8:40
பிளக்?

குகன், காலை 8:43
பிளக் கழட்டிப் பாத்தால் நல்லது. நாலு. 10 மி.மீ. நட்டைக் கழட்டினா பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற கொயில் வரும், உள்ள 16 மி.மீ. பிளக் ஸ்பானர், காந்தம் வைச்சது. நுனி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையெண்டா மெலிவு உறுதி. இடைவெளி 1.1 மி.மீ. தேய்ஞ்சு அதைத் தாண்டினா நாலையும் ஒண்டா மாத்தும். பிளக் குழிக்குள்ள எண்ணெய் நிண்டால் படம் அனுப்பும், அது வேற கதை.
என்ர பிளக் ஸ்பானர் ரகு மாமாட்ட

ரகு சித்தப்பா, காலை 8:50
என்னட்ட இல்லை

குகன், காலை 8:50
போன வருசம் தைப்பொங்கலுக்கு முதல்நாள் வாங்கினீங்கள்

பாமா மாமி, காலை 8:51
சிவப்புப் பெட்டியோட. நான்தான் எடுத்துக் குடுத்தனான்

ரகு சித்தப்பா, காலை 8:58
தேடுறன்

பிரதீப் லண்டன், காலை 9:30
அக்கா கட்டலிஸ்டைக் கழட்டிப்போட்டு நேர்க்குழாய் போட்டால் என்ன? ஒராள் சும்மாவே கழட்டித் தாறதெண்டு சொன்னவன்

குகன், காலை 9:33
மச்சான் சும்மா கழட்டிறவன் உள்ளுக்க இருக்கிற பிளாட்டினம், பலேடியம், ரோடியத்துக்குத்தான் கழட்டிறான். அது போனா ஒவ்வொரு வருசமும் எமிஷனுக்கு அழோணும்

கமலா பெரியம்மா, காலை 9:40
காரில ஒண்டும் கழட்ட வேண்டாம்

சனி

துஷி, காலை 7:52
(படம்)
(படம்)

துஷி, காலை 7:52
கண்டுபிடிச்சாச்சு!!! மூண்டாவது மடிப்பு, அடியில. என்ர சின்ன விரல் நீளம். வளைச்சாத்தான் வாய் திறக்குது

குகன், காலை 7:58
கெட்டிக்காரி. ஃபில்டர் பெட்டிக் கிளிப் ஒண்டு இல்லை போல? படத்தில கயிறு தெரியுது

சுமதி, காலை 7:59
அது அப்பா கட்டினது

குகன், காலை 8:09
அதையும் மாத்தோணும். மூடி இடைவெளியால வடிகட்டாத தூசி போய்த்தான் சென்சர் ஊத்தையாகிறது. ஹோஸைக் கழட்டிக்கொண்டு துஷி பஞ்சிகாவத்தைச் சாமான் கடையளுக்குப் போகட்டும், கையில பழசு இருந்தால்தான் சரியான அளவு தருவினம். 1என்இசெட் எஞ்சின், மொடல் 121 எண்டு சொல்லும். புது டுப்ளிகேட்டை விட, கழட்டின ஒரிஜினல் நல்லம். கடையிலேயே மடிப்பை விரிச்சுப் பாத்து வாங்கும். கிளிப்பும் அங்கேயே கேளும்.
ஹோஸ் கிடைக்காட்டில் ஞாயிறுக்கு மட்டும்: பெற்றோல் தோச்ச துணியால துடைச்சு நல்லாக் காய விட்டு, தன்னோட தானே ஒட்டுற ரப்பர் ரேப் இழுத்து இழுத்து மூண்டு சுத்து. கரண்ட் ரேப் வேணாம், எண்ணெய் ஆவியில வழுக்கிக் கழரும்

சுமதி, காலை 8:11
ஹோஸ் இல்லாமல் கார் ஓடுமே?

குகன், காலை 8:11
ஓடாது. பஸ்ல போகட்டும்

துஷி, காலை 8:12
நன்றி அத்தான்

துஷி, பிற்பகல் 1:20
நாலாவது கடையில கழட்டின ஹோஸ் கிடைச்சது. 15,000க்குள்ள மிச்சமும் இருக்கு. கிளிப் இல்லை, பெட்டியோடதான் தருவினமாம்

ரகு சித்தப்பா, பிற்பகல் 1:24
கயிறே காணும்

குகன், பிற்பகல் 1:37
புதுக் கயிறாவது கட்டும். பூட்டினாப்பிறகு எஞ்சின் ஃபியூஸ் பெட்டியில இஎஃப்ஐ எண்டு எழுதின ஃபியூஸை ஒரு நிமிசம் கழட்டிப் பூட்டும், பழைய கோட் அழியும். பழகினதும் அழியும், அதால 30–40 கிலோமீற்றர் ஓடினாப்பிறகுதான் எமிஷன். வத்தளை போய் வர அது சரியாகும். திங்கள் விடிய மரைன் டிரைவ்ல இருபது நிமிசம் ஓடி, ஏசியை நிப்பாட்டி, சூட்டோட போகவும். கியூ நீளமெண்டால் உம்மட முறைக்கு முதல் 2,500 சுத்தில ரண்டு நிமிசம் பிடிச்சு வைச்சிரும். கட்டலிஸ்ட் ஆறினா வேலை செய்யாது

சுமதி, பிற்பகல் 1:45
திங்கள் எனக்கு லீவில்லை. செவ்வாய்?

பிரதீப் லண்டன், பிற்பகல் 1:46
வித்திருந்தால் செவ்வாயும் தேவையில்லை

பாமா மாமி, பிற்பகல் 1:50
அப்ப வடை 100ஆ 150ஆ? கரண்ட் போக முதல் உழுந்து ஊறப் போடோணும்

துஷி, பிற்பகல் 3:32
பூட்டியாச்சு. லைற் இல்லை, நடுக்கமும் இல்லை. பிளக் மட்டும் பாக்கேல்ல. ஸ்பானர் வந்தாத்தான்

ரகு சித்தப்பா, பிற்பகல் 4:05
(படம்) ஸ்பானர் கிடைச்சிட்டு. குகன் இதுதானே?

குகன், பிற்பகல் 4:07
மாமா அது 21. பழைய மொறிஸ் மைனருக்குப் போடுறது

ரகு சித்தப்பா, பிற்பகல் 4:15
அப்ப உன்ரது ஆரிட்ட?