தொழிலாளர் பக்கம் வாதாடும் சீனியர் யாரிடம் சேரலாம்?

வணக்கம். ஊர் கோத்தகிரி, ஊட்டி கோர்ட்டில் 4 வருஷமாக ஜூனியர். சாதி, கர்ப்பம், பெண் என்று சொல்லி வேலையில் ஒதுக்கப்படுகிறவர்களுக்காக நிற்க வேண்டும் என்றுதான் சட்டம் படித்தேன், ஆனால் எங்கள் சீனியரிடம் வருவதெல்லாம் நிலத் தகராறும் விபத்து வழக்கும்தான்.

போன மாதம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு அக்கா வந்தார். பிரசவ விடுப்பில் இருந்தபோதே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். விடுப்பில் இருப்பவரை அதற்காக நீக்கக் கூடாது, 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-லேயே திருத்தம் வந்தாச்சு, இதுவரை எனக்குத் தெரியும். தனியார் நிறுவனம் என்பதால் வேலையில் சம வாய்ப்பு தரும் அரசியலமைப்பின் 16-வது பிரிவைக் காட்டவும் முடியாது, அது அரசு வேலைக்கு மட்டும். அவருக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும் (பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை), அதற்கான மனுவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் சாட்சி, ஆவணம் எல்லாம் திரட்டி இப்படி ஒரு வழக்கை முழுசாக நடத்த எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

சென்னையில் இரண்டு இடம் விசாரித்தேன், அவர்கள் தருவது அறை வாடகைக்கே பத்தாது. கோவையில் பேசிய மூன்று பேரும் நிர்வாகத் தரப்புக்காரர்கள், அதில் ஒருவர் "இதில் சோறு கிடைக்காது தம்பி" என்று அறிவுரை வேறு. மேட்டுப்பாளையம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய்வரத் தயார்.

கோவை லேபர் கோர்ட்டில் தொழிலாளர் தரப்பில் வாதாடி, ஜூனியரும் எடுக்கிற சீனியர் யாரையாவது தெரியுமா?