சாப் 900 டர்போ கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது (புதுப்பிப்பு)

போன மாதம் எழுதியிருந்தேனே, கொட்டகையில் 14 வருடம் நின்ற 1988 சாப் 900 டர்போ கார், செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது ஆனால் பற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று, அது நேற்று சாயங்காலம் ஸ்டார்ட் ஆகிவிட்டது!

நான் சந்தேகப்பட்ட இக்னிஷனில் (பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி அமைப்பில்) கோளாறே இல்லை. டிக்கி தரையில் உள்ள மூடியைத் திறந்து டேங்குக்குள்ளிருந்து பெட்ரோல் பம்பை எடுத்தால், பழைய பெட்ரோல் பிசினாகி அதை அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தது, வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி வாடை. பம்ப், ஃபில்டர், ரப்பர் குழாய்கள் எல்லாம் புதிது. டேங்கைக் கழுவவே இரண்டு நாள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், இவ்வளவு காலம் நின்ற டர்போ வண்டியை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் விசிறி; அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும், அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான், வருடக்கணக்கில் நின்றால் அது வடிந்துபோயிருக்கும். புது ஆயில் ஊற்றி, இக்னிஷனையும் பம்ப் ஃபியூஸையும் துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை பத்துப் பத்து விநாடியாகச் சுற்றவிட்டேன். அப்புறம்தான் எல்லாவற்றையும் திரும்ப இணைத்து, இந்தக் காரில் இரண்டு சீட்டுக்கு நடுவே இருக்கும் சாவியை நிஜமாகத் திருப்பினேன். முதலில் நீலப்புகை, ஐந்து நிமிடத்தில் அடங்கியது.

பின் பிரேக் இன்னும் இறுகிக் கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் தெருவில் இறக்க மாட்டேன்.